நூற்றெண்பது கிராம் தலைமுடி

என் தலைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே இருப்பவர் கையைத் தூக்கினால் அது தானாக விலகிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுக்கக் கையை நீட்டினார். நான் இடது பக்கம் சரிந்து ஒதுங்கிவிட்டேன். மனுஷன் முகம் வாடிப்போய்விட்டது. ஆபீசில் பியூன் ஃபேன் ஸ்விட்சைப் போடக் கையைத் தூக்கினாலும் இதே கதைதான். பதினாறு வருஷம் பாக்ஸிங் ஆடியதில் எனக்கு மிச்சமானது இந்தப் பழக்கமும், வலது கையில் மடங்காத ஒரு விரலும், ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு போட்டோவும்.

அந்த போட்டோவில் கழுத்தில் மெடல் தொங்கும், தலைமுடி எலி கடித்தது போல இருக்கும். திருப்பதியில் முடி குட்டையாக இருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. மலைக்குப் போய் வந்திருக்கிறாள் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சாமிக்குக் குடுத்தீங்களா மேடம்?" என்பார்கள். நானும் தலையை ஆட்டிவைப்பேன். அது பொய். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் சொன்ன இன்னொரு பொய் இருக்கிறது. அது பதினோரு வருஷமாக என் அம்மாவின் முழங்காலைத் தின்றுகொண்டிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நகரி. நைனா விசைத்தறியில் வேலை பார்த்தார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டதால் எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அம்மா அதே தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். எனக்கு மூன்று வயதில் கடும் ஜுரம் வந்து, வலிப்பு வந்து, கண் செருகிவிட்டதாம். அப்போது அம்மா மலை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால், அவள் கழுத்தில் தாலி ஏறிய பிறகு புருஷனோடு வந்து முழு முடியையும் கொடுப்பாள், அதுவரை அந்தத் தலையில் கத்தி படாது என்று.

நான் பிழைத்தேன். முடி வளர்ந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே சாமி முடி. அம்மா எனக்கு எண்ணெய் வைக்கும்போது என் தலைக்கு வைக்கிற மாதிரி இருக்காது, விளக்குக்கு விடுகிற மாதிரி இருக்கும். நான் பேன் இருக்கிறதென்று சொறிந்தால்கூடத் திட்டுவாள். பத்து வயதில் பின்னல் இடுப்பைத் தாண்டியது. தலை என்னுடையது, முடி என்னுடையது இல்லை.

ஏழாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் அந்தப் பின்னலைப் பிடித்து இழுத்தான். அவன் மூக்கை உடைத்துவிட்டேன். அவன் அப்பா அவனை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நியாயம் கேட்க வந்தார். எங்கள் பி.டி. மாஸ்டர் அந்த மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "எந்தக் கையில அடிச்சே?" என்று மட்டும் கேட்டார். இடது கை என்றேன். அடுத்த வருஷம் அவரே என்னைச் சித்தூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். நைனாவுக்குச் சம்மதம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மூக்கு உடையட்டும், பல் போகட்டும், முடியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

பாக்ஸிங் என்றால் குத்துவது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பாதி நாள் பட்டினி கிடப்பதுதான். ஒழுங்காகச் சாப்பிட்டால் நான் ஐம்பத்து மூன்று கிலோ. அந்த எடையில் என்னைவிடத் திடமான பெண்கள் நிறையப் பேர். கோச் என் கை நீளத்தை அளந்து பார்த்துவிட்டு நாற்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கச் சொன்னார். அங்கே எல்லோரும் என் தோளுக்குத்தான் வருவார்கள், என் கைக்குள் யாரும் நுழைய முடியாது. அவர் சொன்னது உண்மைதான். ஜெயித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஐந்து கிலோவை எங்காவது தொலைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவேன். இட்லியைப் பாதியாகப் பிட்டு வைப்பேன். கடைசி இரண்டு நாள் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிடுவேன்.

இருபது வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றுபோனது. முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது, தொல்லை விட்டதென்று. பத்து மாதம் ஆன பிறகு பயம் வந்து, ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லாமல் சித்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். தமிழும் தெலுங்குமாகப் பேசுகிற வயதான அம்மா அவர். என் கையைப் பிடித்துப் பார்த்தார், எலும்பைப் பார்த்தார், கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"ஏம்மா, இது ஒடம்பா மிஷினா? ஆறு மாசம் வயிறு நெறைய சாப்பிடு. பந்தயம் கிந்தயம் எல்லாம் பக்கன பெட்டு, ஓரமா வை. இப்படியே போனா பின்னால கொழந்தைக்குக் கஷ்டப்படுவே, சொல்லிட்டேன்."

ஆறு மாதம் சாப்பிட்டால் ஐம்பத்து மூன்று. அந்த ஆறு மாதத்துக்குள் மாநிலப் போட்டி. அதில் ஜெயித்தால் அகில இந்தியப் போட்டி, அதில் மெடல் வாங்கினால் அரசு வேலை. அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நான்காக மடித்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தேன். அங்கேயே அது வியர்வையில் ஊறிக் கூழாகிவிட்டது. அந்த மாதம் லீவில் ஊருக்குப் போனபோது அம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி இப்டி எளைச்சிக்கினு கீற? மாசா மாசம் ஒழுங்கா வந்துகினு கீதா?"

"வருதுமா" என்றேன். அவள் நம்பிவிட்டாள். நான் சொன்ன பெரிய பொய் இந்த ஒரு வார்த்தைதான்.

இனி வெல்ல மண்டி. எங்கள் ஹாஸ்டலில் இருந்த எடை மிஷின் ஆளுக்கொரு எடை காட்டும், ஒரே ஆளுக்கு வேளைக்கொரு எடையும் காட்டும். அதனால் போட்டி நெருங்கினால் கோச் எங்களைச் சித்தூர் வெல்ல மண்டிக்கு அனுப்புவார். வியாபாரம் செய்கிற தராசு பொய் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை. கட்டமஞ்சி ஏரிக்கரையில் ஓடிவிட்டு, அந்த ஈர உடம்போடு நேராக மண்டிக்குப் போவேன். பட்டினி கிடக்கிறவளை அனுப்ப உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை. வாசலிலேயே பாகு வாசனை ஆளை இழுக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் பாவம் பார்த்து, "ஒரு துண்டு துன்னு பாப்பா, இன்னா ஆயிடப் போவுது" என்று வெல்லத்தை நீட்டுவார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசின் மேல் ஏறுவேன்.

அது தரையோடு இருக்கும் பலகைத் தராசு. பலகையின் மேல் எப்போதும் ஒரு கோணி விரித்திருக்கும். அதில் வெல்லப் பிசுக்கு, எறும்பு. வெறுங்காலோடு ஏற அருவருப்பாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோணியைக் காலால் தள்ளிவிட்டுத்தான் நிற்பேன். போட்டிக்கு முந்தின நாள் சரியாக நாற்பத்தெட்டு. கோச் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அந்த வருஷம் போட்டி திருப்பதியில் நடந்தது. அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து நகரியிலிருந்து வந்துவிட்டாள். எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு அப்படியே மலைக்கு நடந்து போய்வருவது அவள் திட்டம். எடை பார்க்கும் அறைக்குள் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. கோச் வெளியே நின்றுகொண்டு அம்மாவை என்னோடு அனுப்பிவைத்தார். நான் உடைகளைக் களைந்து ஏறி நின்றேன். எடை பார்த்த அதிகாரி அம்மா, "நாற்பத்தெட்டு, நூற்றெண்பது" என்றார். நூற்றெண்பது கிராம் அதிகம். இன்னும் இருபது நிமிஷம் அவகாசம் இருந்தது.

குதித்தேன். வியர்வை வரவில்லை, உடம்பில் இருந்தால்தானே வரும். துப்பிப் பார்த்தேன், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விஷயம் தெரிந்ததும் கோச் கதவுக்கு வெளியே நின்று கத்தினார். "ஜுட்டு! ஜுட்டு கத்திரிஞ்சண்டி!" முடியை வெட்டு என்கிறார். கைக்கட்டுத் துணி வெட்டுகிற கத்தரியைக் கதவிடுக்கு வழியாக நீட்டினார். வாங்கிப் பின்னலில் வைத்து அழுத்தினேன். தண்ணீர் குடிக்காத கையில் பலம் இல்லை. கத்தரி பின்னலை மென்றதே தவிர வெட்டவில்லை.

"நீ வெட்டுமா" என்றேன்.

"இன்னாடி சொல்ற? சாமி முடிடி அது."

"சாமிக்கு இன்னொரு வாட்டி வளத்துத் தரேன். எனக்கு இன்னொரு பந்தயம் கெடையாது. வெட்டு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கெஞ்சுகிற பார்வை. நான் இறங்கிக் கொடுக்கவில்லை. இருபத்தோரு வயதில் எனக்கு யார் மேலும் இரக்கம் இல்லை, என் மேலேயே இல்லை. அம்மா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். பின்னலைக் கழுத்தோடு பிடித்து, நூல் அறுக்கிற பழக்கம் உள்ள கை அல்லவா, நாலே அழுத்தில் வெட்டிவிட்டாள். திரும்ப ஏறினேன். இன்னும் ஐம்பது கிராம். அங்கங்கே தலையோடு ஒட்ட வெட்டினாள். மூன்றாவது முறை ஏறியபோது அதிகாரி அம்மா "சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகப் பொறுக்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மூன்று நாளில் மூன்று பேரை ஜெயித்துத் தங்கம் வாங்கினேன். அம்மா பார்க்கவில்லை. அவள் அந்த மஞ்சள் பையோடு அலிபிரி படிகளில் ஏறிப் போயிருந்தாள். மேலே மொட்டை போடுகிற மண்டபத்தில் பையை நீட்டியிருக்கிறாள். அங்கே இருந்தவர், "முடிய மட்டும் கொண்டாந்தா எப்டிம்மா? தல எங்க?" என்று கேட்டாராம். அவர் தமாஷாகத்தான் கேட்டிருப்பார். அம்மா அப்படியே அவர் முன்னால் உட்கார்ந்து தன் தலையைக் கொடுத்துவிட்டாள். மெடல் வாங்கிய மறுநாள் நானும் அம்மாவும் நகரி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம், அவள் மொட்டைத் தலையோடு, நான் எலி கடித்த தலையோடு. கண்டக்டர் எங்களைப் பார்த்து கோவிந்தா சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தார்.

அடுத்த வாரம் கோச் மண்டிக்குப் போய் விசாரித்தார். தராசில் தப்பில்லை. அவர்கள் எப்போதும் கோணியை விரித்து, அந்தக் கோணியோடு சேர்த்துத்தான் முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துவார்கள், வெல்லத்தின் எடை மட்டும் தெரிவதற்காக. நான் கோணியைத் தள்ளிவிட்டு நின்றபோதெல்லாம் தராசு அந்தக் கோணியின் எடையை என் எடையிலிருந்து கழித்துக் காட்டியிருக்கிறது. காலில் பிசுக்கு ஒட்டக் கூடாதென்று பார்த்தேன். மண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். கோணி மேல் பழி போட்டு அவள் மனதை ஆற்றலாம் என்று நினைத்தேன். அவள், "கோணியா வெட்டிச்சி? என் கைதான வெட்டிச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். இரண்டு வருஷம் கழித்து அகில இந்தியத் தங்கம், அதே நாற்பத்தெட்டு கிலோவில். ஆபீசில் மாட்டியிருக்கும் போட்டோ அது இல்லை, முதல் மெடலின் போட்டோதான். செய்தித்தாளில் வந்த நல்ல படம் அது ஒன்றுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் திருப்பதியில் வேலை கிடைத்தது. ஒரு முறை வெளிநாட்டுக்குப் போனேன், முதல் சுற்றிலேயே தோற்றேன். இருபத்தொன்பதாவது வயதில் விரல் உடைந்து கோணலாகச் சேர்ந்தது. கையுறையைக் கழற்றிவைத்தேன். புத்தூரைச் சேர்ந்த, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர். வேண்டுதல்படி அவரோடு மலைக்குப் போய், மறுபடி வளர்ந்திருந்த முடியை முழுசாகக் கொடுத்துவிட்டும் வந்தேன். அம்மாவுக்கு அது போதவில்லை. "சாமி கேட்டது வேற முடி" என்றாள்.

குழந்தை பிறக்கவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் பழைய கதையை எல்லாம் கேட்டார். நான் மறைக்கவில்லை, பட்டினியையும் சொன்னேன், வருஷக்கணக்கில் மாதவிலக்கு வந்தும் வராமலும் இருந்ததையும் சொன்னேன். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருஷம்தான் அம்மா ஆரம்பித்தாள். வருஷா வருஷம் அலிபிரியிலிருந்து நடந்து ஏறுவது, மேல்மலையில் செங்குத்தாக வரும் முழங்கால் படிகளை, மோகாலி மெட்டு என்பார்கள் தெலுங்கில், முட்டி போட்டே கடப்பது. ஏன் என்று கேட்டபோது வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "என் கையால வெட்னேன். அதான் ஒன் வயிறு தொறக்கல. நான்தான தீக்கணும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொல்லாததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. புத்தூரில் என்னைக் குறை சொல்ல வந்தவர்கள் சாமிக் குத்தம் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாவம், பெண் என்ன செய்வாள் என்றார்கள். பழி முழுக்க அம்மாவின் கைக்கும் மலைக்கும் போய்விட்டது. எனக்கு அது வசதியாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வசதியாக இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் அவ்வப்போது கேட்பார்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லிடேன். நான் சொன்னா மருமகன் காட்டிக் குடுத்தான்னு ஆயிடும். நீதான் சொல்லணும்."

"சொல்றேன், சொல்றேன்" என்பேன். ரிங்கில் யாரைப் பார்த்தும் கால் பின்னாமல் நின்றவள் நான்.

நைனா செத்துப்போனார். எனக்கு நாற்பது தாண்டியது. இனிமேல் குழந்தை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் ஏறுவதை நிறுத்தவில்லை. "கொழந்தைக்கு இல்லடி. மன்னிப்புக்கு" என்றாள். அவளுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் முட்டி போட்டதில் இடது முழங்காலில் தோல் கிழிந்து, புண் நாலு மாதம் ஆறவில்லை. நான்தான் லீவு போட்டுவிட்டு டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிப் போவேன். துணியை எடுக்கும்போது அந்தப் புண்ணைப் பார்க்காமல் சுவரில் ஒட்டிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை அதே இடத்தில் புண் வந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். கத்தினேன். என் தம்பியை விட்டுச் சொல்லவைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

இந்த வருஷம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆபீசில் இருந்தேன். அம்மாவிடமிருந்து போன்.

"அலிபிரிக்கு வந்துட்டேன்டி. செருப்பக் குடுத்துட்டு ஏறப்போறேன். நீ வருவன்னு சொல்லல, சும்மா சொல்றேன்."

"அங்கியே நில்லு. ஏறின, நடக்கிறதே வேற."

அவள் போனை வைத்துவிட்டாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். ஒரு காலத்தில் எடை குறைக்க மழைக்கோட்டோடு ஓடி ஏறிய படிகள் அவை. இப்போது நூறு படிக்கொரு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலி கோபுரத்தைத் தாண்டித்தான் அவளைப் பிடித்தேன். சிறுத்தை பயத்துக்கு இப்போதெல்லாம் நடப்பவர்கள் கையில் குச்சி கொடுக்கிறார்கள். அந்தக் குச்சியை ஊன்றிக்கொண்டு, முழங்காலில் துணிக்கட்டோடு, தோளில் ஒரு துண்டோடு, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? மூச்சு வாங்குது பாரு ஒனக்கு. சேம்பியனாம் சேம்பியன்" என்றாள்.

என்னால் அவளைத் திருப்ப முடியவில்லை. தூக்கிக்கொண்டா இறங்க முடியும்? கூடவே நடந்தேன். பஜ்ஜிக் கடையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவளுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடப் போகிறதென்று நாலு பிஸ்கெட்டைத் தின்னவைத்தேன், சொல்லவில்லை. மான் பூங்காவில் சொல்லலாம் என்று பார்த்தேன், ஒரு கூட்டம் எங்களை நெருக்கிக்கொண்டு வந்தது. ரோட்டோரமாக நடக்கிற சமதளத்தில் அரை மணி நேரம் தனியாகத்தான் இருந்தோம். அங்கே அம்மா தம்பி பெண்ணின் ஸ்கூலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள், நான் ம் கொட்டிக்கொண்டு வந்தேன். அப்படியே முழங்கால் படிகள் வந்துவிட்டன.

அம்மா குச்சியைச் சுவரில் சாய்த்தாள். துண்டை நாலாக மடித்து முதல் படியில் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, கட்டுப் போட்ட காலை மடக்கினாள். மடக்கும்போது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, வேணாம். ஒன் கை இல்ல. நான்தான்."

"இன்னாடி நீதான்?"

சொன்னேன். நின்றுபோனதை, சித்தூர் டாக்டரை, ஆறு மாதம் சாப்பிடச் சொன்னதை, சீட்டை ஷூவில் வைத்ததை, வருதுமா என்று சொன்னதை, திருப்பதி டாக்டர் சொன்னதை, எல்லாவற்றையும். இருபது வருஷக் கதை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஒரு பெண் ஒவ்வொரு படியாக மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு போனாள். அம்மா ஒற்றை முழங்காலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சித்தூர் டாக்டர் எப்போ சொன்னாங்க?"

"நீ முடி வெட்டறதுக்கு முன்ன. நாலு மாசம் முன்ன."

"அப்போ முடி வெட்டறப்பவே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பதினோரு வாட்டி ஏறியிருக்கேன்டி."

அம்மா கம்பியைப் பிடித்து எழுந்தாள். அவள் வலது கை மேலே போனதை நான் பார்த்தேன். பார்த்த அதே நொடியில் என் தலை இடது பக்கம் சரிந்துவிட்டது. அவள் கை காற்றில் வீசிப் போனது. தடுமாறி விழப்போனவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். பொய்யைக் கேட்டபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இதுக்கும் ஒதுங்கிட்ட இல்ல" என்றாள்.

தலையை நிமிர்த்தி, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். கழுத்து விலகத் துடித்தது, பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன். அம்மா அடித்தாள். அறுபத்தாறு வயதுக் கை, நூல் சுற்றிச் சுற்றிக் காய்ப்பேறிய கை. காதுக்குள் ஙொய் என்றது. ஏறிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, "பெத்தம்மா, கொண்ட மீத கொட்டொத்து" என்றார், மலையில் அடிக்காதே என்று. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வேகமாக ஏறிப் போய்விட்டார்.

பிறகு அவள் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். குச்சியைக் கையில் எடுத்தாள். மேலே தெரிந்த படிகளைக் காட்டினாள்.

"நான் நடந்து வரேன். இது எத்தினி கீதோ அத்தினியும் நீ ஏறு."

சாமி விஷயத்தில் எனக்கு அம்மா அளவு நம்பிக்கை கிடையாது. அதைப் பற்றி அப்போது யோசிக்கவும் இல்லை. ஆபீசுக்குப் போட்டு வந்த சுடிதாரோடு மண்டியிட்டேன். கல் வெயிலில் காய்ந்து சுட்டது. முதல் படி, இரண்டாவது படி. ஐந்தாவது படியில் முழங்கால் சிப்பி கல்லில் இடித்து உயிர் போனது. இதைத்தான் அவள் சர்க்கரை உடம்போடு பதினோரு முறை செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுதுகொண்டே ஏறினேன். அம்மா எனக்கு இரண்டு படி முன்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் நின்றால் அவளும் நின்றாள்.

பன்னிரண்டோ பதிமூன்றோ படி ஏறியிருப்பேன். அவள் தோளிலிருந்த துண்டு என் முன்னால் விழுந்தது.

"முட்டிக்குக் கீழ போட்டுக்க. நாளைக்கு ஆபீஸ் போவணும் இல்ல" என்றாள், மேலே பார்த்துக்கொண்டே.